யாருக்கும் யாருக்கும் சண்டை

எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கும். புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கு எங்களுக்கு நேரம் கிடைத்ததே இல்லை. இஸ்ரேல், பாலஸ்தீனம், ஈரான், லெபனான் என்று என் வீட்டுக்காரர் முகம்மது ரியாஸ் செல்போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்பார். நான் குழம்பு ஊற்றுவேன். அங்கே குண்டு விழும். "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்பார். குழம்பைத்தான்.

விருதுநகரில் எங்களுக்குச் சாக்கு வியாபாரம். பழைய சாக்குகளை வாங்கி, உதறி, கிழிசல் தைத்து, பருப்பு மில்லுக்கும் வத்தல் மண்டிக்கும் கொடுக்கிறோம். கடை முன்னால், வீடு பின்னால். கல்யாணமான புதிதில் இவர் சவூதியில், தம்மாம் காய்கறி மண்டியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தார். அங்கே இவருக்கு மேனேஜர் அபூ கலீல் என்று ஒரு பாலஸ்தீனத்துக்காரர். இவர் டைபாய்டு வந்து கிடந்தபோது லேபர் கேம்ப்பிலிருந்து தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துப் பார்த்தவர். ஒவ்வொரு லீவுக்கும் இவர் பெட்டி கட்டும்போது அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாராம். "உனக்குப் போக ஒரு ஊர் இருக்கு" என்பாராம். அவருடைய அப்பா பிறந்த ஊர் இஸ்ரேலுக்குள் இருக்கிறது, அவரால் அங்கே கால் வைக்க முடியாது. அதனால் என் வீட்டுக்காரருக்கு அந்தச் சண்டை வெறும் செய்தி இல்லை, சொந்தக்காரர் வீட்டு விவகாரம். காசாவில் புழுதி மூடிய பிள்ளைகளைக் காட்டினால் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிடுவார். அந்தக் கோபத்தை நான் ஒரு நாளும் தப்பு என்று சொன்னதில்லை.

எனக்கும் புரிய வைத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. சாக்கை உதறினால் மூலையிலிருந்து பருப்பும் பயறும் கொட்டும். அதைத் தரையில் பரப்பி வரைபடம் போடுவார். துவரை ஈரான், உளுந்து இஸ்ரேல், நடுவில் ஒரு கைப்பிடி பாசிப்பயறு ஜோர்டான்.

"ஈரான்காரன் ஏவுகணை விட்டா அது இந்தப் பயறு மேலதான் பறந்து இஸ்ரேலுக்குப் போகணும். ஜோர்டான்காரன் அரபுதான். ஆனா அதச் சுட்டு வீழ்த்திருவான்."

"ஏன்?"

"அவன் வானத்துல அடுத்தவன் சண்டை வேண்டாம்பான். அமெரிக்காக்காரன் தயவும் வேணும்."

"ஈரான்காரன் நம்ம கூட்டம் இல்ல, அவன் ஷியான்னு போன வருசம் நீங்கதான சொன்னீக. இப்ப அவன் விட்டா கை தட்டுறீக?"

"அது மார்க்கம். இது அரசியல், ருமானா."

நான் விளக்குமாற்றை எடுத்து எல்லா நாட்டையும் ஒன்றாகக் கூட்டி முறத்தில் அள்ளிவிடுவேன். எங்கள் ஜமாஅத் தேர்தலில் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்றே எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

எங்கள் குடோனுக்கு மேல்தளம் போட்டபோது கம்பி கட்ட வந்தவர்தான் சரவணக்குமார். தாயில்பட்டிக்காரர். இருபது வயதிலிருந்து பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற வேலை பார்த்தவர். அந்தக் கம்பெனியில் ஒரு விபத்து நடந்து, கூட வேலை பார்த்தவர்களை அடையாளம் தெரியாத நிலையில் அள்ளிக் கட்டிய பிறகு, இனி மருந்தைத் தொடுவதில்லை என்று கம்பி வேலைக்கு வந்துவிட்டார். அதிர்ந்து பேசமாட்டார். தளம் காய்வதற்குள் இவரும் அவரும் மச்சான், மாப்ளே ஆகிவிட்டார்கள். வேலை முடிந்த பிறகும் விருதுநகர் பக்கம் எங்கே வேலை நடந்தாலும் சாயங்காலம் எங்கள் கடையில்தான் டீ. அவர் பெண்டாட்டி பாண்டிச்செல்வி, இன்னமும் பட்டாசு வேலைக்குப் போகிறவள், என்னை மதினி என்பாள், இவரை அண்ணே என்பாள். பெருநாளைக்கு அவர்கள் பிள்ளை பானுப்பிரியாவுக்கும் சேர்த்துத்தான் துணி எடுத்து வைத்திருப்போம்.

அந்த உறவு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முறிந்தது.

"மச்சான், இஸ்ரேலுக்கு ஆள் எடுக்காக. கம்பி வேலை. டெஸ்ட்டுல பாசாயிட்டேன்" என்றார் சரவணன்.

இவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அங்க ஏன் திடீர்னு கம்பி கட்ட ஆள் இல்லாமப் போச்சுன்னு யோசிச்சியா மாப்ளே? நேத்து வரைக்கும் அங்க கட்டடம் கட்டுனவன் பாலஸ்தீனத்துக்காரன். சண்டை வந்ததும் அவனையெல்லாம் உள்ள விட மாட்டோம்னு கேட்டைச் சாத்திட்டாக. அவன் பிள்ளை பசியில கெடக்கு. அந்த எடத்துல போயி நீ நிக்கப் போறியாக்கும்?"

"நான் போகலேன்னா கேட்டைத் தொறந்துருவாகளா மச்சான்?"

"அது வேற பேச்சு."

"வேற பேச்சு இல்ல. என் பொண்டாட்டி தெனமும் மருந்துக்குள்ள கைய விட்டுட்டு வர்றா. சாயங்காலம் கம்பெனி வேன்ல இருந்து அவ எறங்குற வரைக்கும் எனக்கு உசுரு எங்கிட்ட இல்ல. நான் அங்கன போனா அவ வீட்டுல இருப்பா. எனக்குத் தெரிஞ்ச அரசியல் அம்புட்டுத்தான்."

"போ. ஆனா போனீன்னா இந்தக் கடைப் படியேறாத."

சரவணன் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. அப்படி இருந்தால் நடுவில் நிற்கிறவள் பாடு திண்டாட்டம்தான். பங்குனியில் அவர் விமானம் ஏறினார். இவர் போய் வழியனுப்பவில்லை. நான் மட்டும் பாண்டிச்செல்வியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவள் இந்த சீசன் ஆர்டர் முடிந்ததும் கம்பெனியிலிருந்து நின்றுவிடுவதாக இருந்தாள். "அங்கன ஒரு சத்தம் சந்தடி கெடையாதாம் மதினி. கோயிலு மாதிரி அமைதியா இருக்காம்" என்பாள்.

வெளிநாட்டுக்குப் போன ஆண்கள் பெண்டாட்டியிடம் சொல்கிற பொய்கள் எனக்குத் தெரியும். ஒன்பது வருஷம் நானும் கேட்டவள்தான். இவளிடம் எதையும் கிளறவேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பக்ரீத் முடிந்த மறுவாரம் ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் நேருக்கு நேர் மூண்டது. ஒரு நாள் காலை, இடியாப்பத்தை வைத்துக்கொண்டு இவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்தும் விடியாத வானத்திலிருந்து நெருப்புக் கோடுகள் இறங்கி ஒரு ஊருக்குள் விழுந்தன. "விழுந்துச்சு பாரு!" என்று இவர் தொடையைத் தட்டினார்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "விழுந்த எடத்துல மனுசர் இருக்க மாட்டாகளா?"

"காசாவுல போடுறப்ப அவன் அதக் கேட்டானா?"

"அவன் கேக்கல. நீங்க கேக்கலாமே. நம்ம சரவணன் அங்கதான இருக்காரு?"

"அவன் இருக்குறது வேற ஊரா இருக்கும்" என்றார். ஆனால் போனை அணைத்துவிட்டார். இடியாப்பம் அப்படியே இருந்தது.

கடை திறந்து முதல் லோடு இறங்கிக்கொண்டிருந்தபோது பாண்டிச்செல்வி வந்தாள். கம்பெனிக்குக் கிளம்பியவள் அப்படியே பஸ் ஏறியிருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கையில் சாப்பாட்டுத் தூக்கு. படிக்குக் கீழேயே நின்றாள். "வா செல்வி" என்று நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். இவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணே, நீங்க எங்களோட பேச மாட்டீகன்னு தெரியும். எனக்கு வேற போக்கு இல்ல" என்றாள். "காலையில வேனுக்குக் கெளம்புறப்ப அவுக பேசிக்கிட்டு இருந்தாக. அங்கன இன்னும் விடியலையாம். திடீர்னு சங்கு ஊதுற சத்தம். அவுக 'இரு இரு'ன்னு சொல்லிக்கிட்டே எங்கேயோ ஓடுறாக, மூச்சு வாங்குது. அப்புறம் ஒரு வெடிச் சத்தம் வந்துச்சு அண்ணே. எனக்குத் தெரியாத சத்தமா? கட்டடமே பேந்து போற சத்தம்."

அவள் தூக்கைக் கீழே வைத்தாள்.

"ஆனா நான் விடல. 'வெளிய ஓடுங்க, வெளிய ஓடுங்க, உள்ள நிக்காதீக'ன்னு போனுக்குள்ள கத்துனேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டுருக்கும். அவுக 'சரி சரி'ன்னாக. அதோட லைன் போச்சு. அதுக்கப்புறம் போன் அடிக்கவே மாட்டேங்குது. ஓடுற அவசரத்துல கீழ விழுந்து ஒடஞ்சிருக்கும், இல்லண்ணே? ஆள் வெளிய போயிருந்தாப் போதும். திறந்தவெளிக்குப் போயிட்டா ஒண்ணும் ஆகாது."

நான் இவரைப் பார்த்தேன். இவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

அவள் சொன்னது அவள் ஊர்க் கணக்குப்படி தப்பே கிடையாது. பட்டாசு ரூமில் நாலு பக்கமும் வாசல் வைத்திருப்பதே அதற்குத்தான். சேர்கிற அன்றைக்கே சொல்லிவிடுவார்கள்: சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காதே, செருப்பைத் தேடாதே, வெளியே ஓடு. சுவர்தான் ஆளைக் கொல்லும், வெட்டவெளிதான் காக்கும். தாயில்பட்டியில் நடக்கப் பழகிய பிள்ளைக்குக்கூட அது தெரியும். ஆனால் ஏவுகணை வருகிற ஊரில் வெட்டவெளிதான் சாவு. சங்கு ஊதினால் கான்கிரீட் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அன்றாடம் செய்தி கேட்டுக் கேட்டு எனக்கே அது தெரிந்திருந்தது. அவளுக்கு யார் சொல்வது? அங்கே சங்கு ஊதும் என்பதையே அவர் அவளுக்கு மறைத்திருந்தார்.

"ஏண்ணே பேச மாட்டேங்கிறீக?" என்றாள். "நீங்க அந்தப் பக்கமெல்லாம் இருந்தவுக. யாருக்கும் யாருக்கும் சண்டை அங்கன? அவுக கம்பி கட்டப் போனவுக. அவுக இருக்குற எடத்துல ஏன் போடுறாக?"

ஊருக்கே பாடம் எடுக்கிற மனிதர். எந்த வருஷம் எந்த எல்லை மாறியது, எந்த ராஜா யாரிடம் கைநீட்டினான் என்று விடிய விடியச் சொல்வார். இப்போது கீழே கிடந்த சாக்கை எடுத்தார், மடித்தார், திரும்ப வைத்தார்.

அவள் இடுப்புச் சுருக்கிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தாள். "அவுக மேஸ்திரி நம்பர். ஏதும்னா இதுல கூப்புடுன்னு குடுத்தாக. சமீர்னு பேரு. அவரும் அரபு ஆளாம், ஆனா அந்த நாட்டுக் குடிமகனாம். அவரு தங்கச்சியக் கட்டிக் குடுத்த எடம் வேலிக்கு அந்தப் பக்கம், பாலஸ்தீனத்துலயாம், ரெண்டு வருசமாப் பாக்க விடலையாம். நான் கூப்புட்டேன், எடுத்தாக, அவுக பேசுறது எனக்குப் புரியல. உங்களுக்கு அரபு தெரியுமே அண்ணே."

இவர் சீட்டை வாங்கினார். முதல் தடவை போன் அடித்து நின்றுபோனது. கொஞ்ச நேரத்தில் அவர்களே திரும்பக் கூப்பிட்டார்கள். "சத்தமா வைங்க, அவுக குரல் பின்னாடி கேக்குதான்னு பாக்கேன்" என்றாள் பாண்டிச்செல்வி. இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

அந்த மேஸ்திரியின் குரல் கரகரத்து இருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காதவர் குரல். இவர் அரபியில் கேட்டார், அவர் சொன்னார். எனக்கு ஓதத் தெரியும், பேசத் தெரியாது. ஆனால் வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல் உண்டு. பிள்ளைகள் சமையலறைக்குள் ஆட்டம் போட்டால் இவர் "பர்ரா, பர்ரா" என்று விரட்டுவார். வெளியே, வெளியே. அந்தச் சொல்லை மேஸ்திரி சொன்னார். திரும்பவும் சொன்னார். இவர் உதடு, சாவுச் செய்தி கேட்டால் நாங்கள் சொல்கிற "இன்னா லில்லாஹி" என்று அசையத் தொடங்கி, பாதியில் நின்றது. என் மாமியார் மவுத்துக்கு வந்து எங்கள் கூடவே நின்றவள் பாண்டிச்செல்வி, அந்த வார்த்தையை எப்போது சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். இவர் அதை அப்படியே விழுங்கினார்.

போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே."

"சரவணன் போயிட்டான்மா."

அவள் கத்தவில்லை. இவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "நான் வெளிய ஓடச் சொன்னேனே. வெளியதான ஓடுனாக? சொல்லுங்கண்ணே. வெளியதான இருந்தாக?"

லோடு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பொய் சொல்கிறவர்களை இவருக்குக் கண்டாலே ஆகாது. டிவியில் ஒருவர் ஒரு ஊர்ப் பெயரை மாற்றிச் சொன்னால்கூட எழுந்து நின்று திருத்துகிற ஆள்.

"இல்லம்மா" என்றார். "உள்ளயே நின்னுட்டானாம். நீ சொன்னது அவனுக்குக் கேக்கல போலருக்கு."

அவள் கை சட்டையை விட்டது. அப்படியே சாக்குகளின் மேல் உட்கார்ந்தாள். "சரின்னாகளே. கேட்டுச்சே அவுகளுக்கு. சரி சரின்னு சொன்னாகளே" என்று ஆரம்பித்தவள், அதற்குப் பிறகு வாய்விட்டு அழுதாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் தலைக்கு மேல் நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவளைக் காரில் தாயில்பட்டிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புகிற வழியில் நான் கேட்டேன். "பர்ரான்னு சொன்னாரே அவரு."

ஊர் எல்லை தாண்டியதும் இவர் வேகத்தைக் குறைத்தார். பிறகு சொன்னார். இரண்டு வாரத்துக்கு முன்னால், இந்தச் சண்டை மூள்வதற்கு முன்பே, ஏமன்காரர்கள் விட்ட ஏவுகணைக்கு ஒரு தடவை சங்கு ஊதியபோது சரவணன் வெளியே பாய்ந்திருக்கிறார். மேஸ்திரிதான் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து, இங்கே உள்ளேதான் ஓட வேண்டும் என்று சைகையிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார். இன்று சரவணன் எல்லோரோடும் சேர்ந்து அறைக்குள் போய்விட்டார். போன் காதில் இருந்தது. முதல் வெடி தூரத்தில் கேட்டது. போனுக்குள் ஒரு பெண் குரல் கத்தியது, கூட இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கிறது. அவர் 'சரி சரி' என்றார். கதவைச் சாத்தப் போனவனைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினார். வெட்டவெளிக்கு. உள்ளே இருந்த அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

"எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டேன்" என்றார் இவர். "பழக்க தோசம். ஈரான்காரன் விட்டதா, அதத் தடுக்க இஸ்ரேல்காரன் விட்டதோட துண்டான்னு. 'மேலருந்து வந்துச்சு'ன்னாரு. 'இரும்புல பேரு எழுதியில்ல'ன்னாரு." வண்டியை ஓரமாக நிறுத்தினார். "நான் தொடையத் தட்டுனேன் ருமானா."

எனக்கு அவரைத் திட்டவேண்டும்போல இருந்தது. காலையிலிருந்து அடக்கிவைத்திருந்தேன். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருந்த அந்த மனிதரைப் பார்த்ததும் திட்டு வரவில்லை. "செல்விக்குத் தெரியக் கூடாது" என்று மட்டும் சொன்னேன்.

அன்றிரவே இவர் மேஸ்திரியை மறுபடியும் கூப்பிட்டுத் தான் சொன்ன பொய்யைச் சொன்னார். அவர், "அறையில இருந்தவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன். உன் பொய்யே இருக்கட்டும்" என்றாராம்.

உடலைக் கொண்டுவருவது லேசாக இல்லை. வானத்தை மூடிவிட்டார்கள், விமானம் இல்லை. இவர் கடையைப் பூட்டிவிட்டு பாண்டிச்செல்வியைக் கூட்டிக்கொண்டு சூலக்கரைக்கு, கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். ஜோர்டான் எல்லையில் எந்தப் பாலம் திறந்திருக்கிறது, எந்த நேரத்தில் சாத்துவார்கள், அங்கிருந்து எந்த ஊர் வழியாக விமானம் ஏற்றலாம் என்று அங்கே இருந்தவர்களோடு உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். இத்தனை வருஷமாகச் செய்தி பார்த்துச் சேர்த்துவைத்த அறிவெல்லாம் ஒரு பெட்டி வரவேண்டிய வழியைக் கண்டுபிடிக்கத்தான் உதவியது. மேஸ்திரி சமீர் எல்லைவரை வண்டியில் கூடவே வந்து ஒப்படைத்துவிட்டுப் போனார். எல்லைக்குப் போகிற வழியிலிருந்துதான் தன் தங்கச்சி வீட்டுக்கு ஒரு ரோடு பிரிகிறது என்று இவரிடம் போனில் சொன்னாராம். போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, அந்த ரோட்டில் விடமாட்டார்கள் என்றாராம்.

தாயில்பட்டி மயானத்தில் எல்லாம் முடிந்தது. கருமாதி அன்று நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். பந்தியில் இவர் உட்காரவில்லை. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள், அங்கேயே இருந்தார். உள்ளே பெண்களுக்கு நடுவில் பாண்டிச்செல்வி. யார் வந்து கட்டிக்கொண்டாலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள், எத்தனை தடவை கத்தினேன், ஒரு எட்டு வெளியே வைத்திருக்கக் கூடாதா என்று. வந்தவர்கள் எல்லோரும் பட்டாசு வேலை பார்க்கிறவர்கள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இத்தனை வருஷம் மருந்தில் புழங்கிய ஆளுக்கு இதுகூடத் தெரியாமல் போயிற்றே என்றாள் ஒருத்தி.

மத்தியானம் எங்கோ தொலைவில் ஒரு சத்தம் கேட்டது. அந்த ஊர்க்காரர்கள் என்னவென்று யோசிக்கவில்லை. இலையில் கை வைத்திருந்தவர்கள் கையோடு எழுந்தார்கள். ஒரு மூச்சில் வீடு காலியாகிவிட்டது. நானும் பானுப்பிரியாவின் பின்னாலேயே ஓடினேன், அந்தப் பிள்ளை செருப்புகூடப் போடாமல் தெருவைத் தாண்டி வெறும் பொட்டலில் போய் நின்றது. இவரும் வந்து சேர்ந்தார். எல்லோரும் அண்ணாந்து புகை எந்தத் திசையில் என்று பார்த்தார்கள். புகை இல்லை. கல் குவாரி வெடி என்று யாரோ சொன்னார்கள். மூச்சு விட்டுக்கொண்டு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

பாண்டிச்செல்வி பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அன்றுதான் முதல்முதலாகக் கோபத்தைப் பார்த்தேன்.

"பாத்தீகளாண்ணே? இந்தப் பிள்ளைக்குத் தெரியுது. எங்க வெளிய ஓடணும்னு இதுக்குத் தெரியுது" என்றாள். பிறகு குனிந்து மகளிடம், "நீ அப்படித்தான் ஓடணும். உங்க அப்பா மாதிரி நின்னுறக் கூடாது. கேட்டியா?" என்றாள்.

பிள்ளை தலையை ஆட்டியது.

"நீங்க போகாதன்னு சொன்னீக, கேக்கல. நான் வெளிய ஓடுன்னு கத்துனேன், அதையும் கேக்கல. கட்டிக்கிட்ட நாள்ல இருந்து என் பேச்ச ஒரு தடவ கேட்டதில்லண்ணே அந்த மனுசன்."

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. உயிரைக் காக்கிற அறையிலிருந்து அந்த மனுஷன் ஓடியது அவள் பேச்சைக் கேட்டுத்தான். உலகத்தில் அவர் கடைசியாகச் செய்த காரியம் அது. அவளை நம்பினார். அதை அவளிடம் சொன்னால் அவள் உயிரோடு இருக்கமாட்டாள், சொல்லாவிட்டால் தன் பேச்சைக் கேட்ட புருஷன் அவளுக்கு இல்லாமலே போகிறார். நான் இவரைப் பார்த்தேன். கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"ஆமாம்மா" என்றார். "அவன் யாரு பேச்சயும் கேக்க மாட்டான்."